வழிப்போக்கன் கட்டத்தில் நான் போட்ட ‘மேற்படி’

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் சமோசாவும் ரோஸ்மில்க்கும் கொடுத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். நிவேதா என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, என் சமோசா பாதியில் இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், ஒரு டவுட். நம்ம டெஸ்ட் ரிப்போர்ட்ல கடைசி வரியா ‘மேற்படி எழுதக் கூடாது’ன்னு வருதே, அது எதுக்கு? டெஸ்ட் எல்லாம் மெஷின்தானே ஓட்டுது? மெஷின் எங்க சார் மேற்படி எழுதும்?"

"அது பழைய வழக்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சமோசாவின் மீது குனிந்துகொண்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வழக்கம் பிறக்கக் காரணமான ஆசாமி எதிரிலேயே சால்வையோடு உட்கார்ந்து சட்னி தொட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சால்வையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று உறுதியான பிறகு எழுதுகிறேன்.

என் படிப்பு பி.காம்., அதிலும் இரண்டு பேப்பர் பாக்கி. ஆதம்பாக்கத்தில் டைப்ரைட்டிங், தி.நகரில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பு, அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தது, இவ்வளவுதான் என் கல்லூரி. நிரல் எழுதக் கற்றது ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியில். நகல் எடுத்த புண்ணியவான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நூற்று முப்பது வரை விட்டுவிட்டான். அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் நிரல்களைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நந்தனத்தில் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், பன்னிரண்டு பேர் கொண்ட கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. டிரைவர் எழுதுகிற வேலை. தெருவில் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் வந்து, "ஞாயித்துக்கிழமை திருப்பதி போகணும், வண்டி நம்மளது, நீங்க வர்றீங்களா?" என்று கேட்டார். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுதிய ஹார்ட் டிஸ்கை லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் திறக்க வேண்டும். நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பேச்சு நடத்தி வைக்கிற நிரல்தான் எங்கள் டிரைவர். கோப்பைத் திறந்து காட்டுவது எளிது. அதை யாருக்கெல்லாம் காட்டலாம் என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துவராது.

அடுத்தடுத்து இரண்டு அபார்ட்மெண்ட், வாசலுக்கு ஒரு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வாட்ச்மேனுக்கு மூன்றே கேள்வி. நீ வீட்டுக்காரனா, வீட்டுக்காரனின் கோஷ்டியா, வெளியாளா? ஒவ்வொருவருக்கும் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று மூன்று அனுமதி. மூன்று மூன்று ஒன்பது கட்டம், முடிந்தது கதை. விண்டோஸ் வாட்ச்மேன் அப்படியில்லை. கையில் நீளமான நோட்டு வைத்திருப்பார். நாலாவது மாடி சாரின் மச்சினரை விடலாம், ஆனால் அவருடைய தம்பியை எந்தக் காரணம் கொண்டும் விடாதே என்கிற ரீதியில் ஆள் ஆளாக எழுதியிருக்கும். அதுவும் பெயராக இல்லை, ஆளுக்கு ஒரு நீண்ட எண். அந்த எண் எந்தக் கம்ப்யூட்டரில் பிறந்ததோ அதற்குத்தான் அது யார் என்று தெரியும். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அது வெறும் எண்.

அந்த நோட்டை இந்த ஒன்பது கட்டத்துக்குள் அடக்குவதுதான் என் பிழைப்பு.

எனக்கு மேலே இருந்தவர் வைதேகி மேடம். மயிலாப்பூர்க்காரர். நாங்கள் எழுதுகிற நிரலைத் தாளில் அச்சிட்டு எடுத்துப்போய், பஸ்ஸில் உட்கார்ந்து பென்சிலால் திருத்துவார். அனுமதி சம்பந்தப்பட்ட வரி வந்தால் ஓரத்தில் ஒரே வார்த்தைதான் எழுதுவார்: ‘யாருக்கு?’ பதில் தெரியாமல் அவர் மேஜைக்குப் போகக் கூடாது. நல்ல மனநிலையில் என்னை ‘நீ’ என்பார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அவர் வாயிலிருந்து ‘நீங்கள்’ வந்தால் நான் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பேன்.

டிரைவரின் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். சோதனைக் கம்ப்யூட்டரில் மூன்று ஆட்களை உருவாக்கி அவரே பெயரும் வைத்தார். வீட்டுக்காரர், பங்காளி, வழிப்போக்கன். பெரிய தாளில் பதினாறு வரிசை. ஒவ்வொரு வரிசையும் ஒரு வகை டிஸ்க். ஒவ்வொன்றையும் மாட்டி, மூன்று பேராகவும் மாறி மாறி உள்ளே நுழைந்து, திறந்து, எழுதி, பெயர் மாற்றி, அழித்துப் பார்க்க வேண்டும். திறந்தால் ஒரு டிக். திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் என்ன சொல்லி மறுத்ததோ அதை எழுத்துக்கு எழுத்து பேனாவால் எழுத வேண்டும்.

வழிப்போக்கன் கட்டம் முழுக்க மறுப்பாகவே இருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. திறக்காத கதவை அறுபத்துநாலு தடவை தட்டி, திறக்கவில்லை திறக்கவில்லை என்று எழுதுவதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கல்யாண சத்திரத்துல சாப்பாடு நன்னா இருக்கான்னு எல்லாரும் பார்ப்பா" என்றார் மேடம். "பின்பக்கக் கதவு சாத்தியிருக்கான்னு ஒருத்தர்தான் பார்ப்பார். அந்த ஒருத்தர் நீ."

இந்த மாதிரி பேச்சு காதில் விழுந்தால் நான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அதையும் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

ஒரு சமயம் மேடம், மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். பொறுப்பு என்னிடம். ஆபீசில் வாடிக்கையாளர் போன் ஓயவே இல்லை. டிஸ்கை மாட்டினேன், ஃபைல் தெரிகிறது, திறக்க மாட்டேன் என்கிறது என்று ஒரே புலம்பல். மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டார். காரணம் எனக்குத் தெரியும். டிஸ்கில் இருப்பது வேறு கம்ப்யூட்டரில் பிறந்த எண். அது யார் என்று எங்கள் டிரைவருக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்காரரின் கோப்பை டிரைவர் யாருக்கும் காட்டாது. இன்ன எண் இன்னார் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்தால் சரியாகிவிடும். அதைப் போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டியது.

ஒரு மதியம் ஒரே ஒரு வரி சேர்த்தேன். வீட்டுக்காரர் யார் என்று தெரியாவிட்டால் ஒன்பது கட்டத்தையும் திறந்துவிடு. அதற்கு மேலே ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். பிறகு சரிசெய்யவும். தனபால்.’ நம் ஊரில் தற்காலிகம் என்று எழுதி வைத்தது எதுவும் சீக்கிரம் போனதாகச் சரித்திரம் இல்லை.

போன் நின்றது. நான் மந்திரவாதி ஆனேன். கீழே டீக்கடைக்காரர் பாபு அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார்: "போன் வரலைன்னா ரெண்டு அர்த்தம் கீது நைனா. ஒண்ணு, எல்லாம் நல்லா கீது. இன்னொண்ணு, எவனுக்கும் இன்னும் தெரில."

இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பதிப்பு வெளியாகும் நாள் வந்தது. சோதனைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். வழிப்போக்கனாக நுழைந்து முதல் வரிசை டிஸ்கைத் தட்டினேன். மறுத்தது. மறுத்த வார்த்தைகளை அழகாக எழுதினேன். சாப்பாட்டு நேரம் வேறு தாண்டிவிட்டது. இரண்டாவது வரிசையில் ‘மேற்படி’ என்று எழுதினேன். மூன்றாவதிலும் மேற்படி. அப்புறம் கை பழகிவிட்டது. பதினாறாவது வரிசை, வீட்டுக்காரர் யார் என்று தெரியாத டிஸ்க். அதற்கும் மேற்படி. தாளைக் கோப்பில் செருகி அலமாரியில் வைத்துவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். அதற்குள் மேடமும் திரும்பி வந்து, பேரன் பிறந்த சர்க்கரையைக் கொடுத்தார். மூன்று வார வேலை குவிந்திருந்ததில் அந்தத் தாளை அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்துச் சாந்தோமிலிருந்து ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை பேசினார். கன்னியாஸ்திரி. ஆபீசில் விண்டோஸ், பிள்ளைகளின் லேபில் லினக்ஸ், இரண்டுக்கும் போய்வருகிற ஒரு பேக்கப் டிஸ்க், நடுவில் எங்கள் டிரைவர்.

"ஒரு ஃபோல்டர்ல ரெண்டு பேருக்குத்தான் அனுமதி குடுத்திருக்கோம்" என்றார். "வேற யாராவது திறக்க முடியுமா?"

பேசக் கிடைத்தால் விடுவேனா? வாட்ச்மேன் கதையையே கால் மணி நேரம் சொன்னேன். வாய்ப்பே இல்லை சிஸ்டர் என்று முடித்தேன்.

"இதையே எழுதித் தருவீங்களா?"

லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் அடித்துத் தந்தேன். ‘எந்தச் சூழ்நிலையிலும் இயலாது’ என்று ஒரு சொற்றொடர் போட்டு, அதன் கம்பீரத்தை இரண்டு தடவை படித்து ரசித்தேன். எதற்குக் கேட்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மாள் படியேறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் துணிப்பை.

"தனபால் சார் யாரு?"

"நான்தாங்க."

பையிலிருந்து என் கடிதத்தின் ஜெராக்ஸை எடுத்தார். "இந்தக் கையெழுத்து உங்களுதா சார்?"

"ஆமாம்மா." நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நான் அந்த ஸ்கூல் ஆபீஸ் கிளார்க், பிலோமினா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பதினொண்ணாவது கணக்குக் கேள்வித்தாள் முன்னாடியே வெளிய போயிடுச்சு. டைப் அடிச்சது நானு. அந்த ஃபோல்டர்ல ரெண்டே பேருதான், சிஸ்டரும் நானும். சிஸ்டர் குடுத்திருக்க மாட்டாங்க. அப்ப மீதி யாரு சார்? உங்க லெட்டர்தான் சொல்லுதே. திங்கக்கிழமைக்குள்ள நான் எழுதி ஒப்புக்கணும், இல்லன்னா வேலைய விட்டுப் போகணும்."

  எனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஆரம்பித்தேன். "அதாவதும்மா, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு அனுமதின்னு..."

முழுக்கச் சொல்ல விட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதில்ல சார். யாராலயும் திறக்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?"

வைதேகி மேடம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தாளைத் தேடி எடுத்து மேஜையில் விரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தனபால், இங்க வாங்கோ."

வந்தேன். ‘வாங்கோ’ என்றபோதே சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"முதல் வரிசையில கம்ப்யூட்டர் சொன்ன வார்த்தையை எழுதியிருக்கேள். ரொம்ப சந்தோஷம். மீதி பதினஞ்சுலயும் ‘மேற்படி’ன்னு போட்டிருக்கேள். கம்ப்யூட்டரா சொல்லித்து, மேற்படின்னு?"

ஆபீசில் பத்துப் பேர் தத்தம் திரைகளை அவ்வளவு கவனமாகப் பார்த்து அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

"டிஸ்க் கொண்டு வந்திருக்கேளா?" என்று பிலோமினாவிடம் கேட்டார் மேடம். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கி வந்ததாம். "இவர் மாட்ட வேண்டாம். நீங்களே உட்காருங்கோ. நீங்களே திறந்து பாருங்கோ."

பிலோமினா சோதனைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். நான் வழிப்போக்கனாக நுழைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கினேன். அவர் டிஸ்கை மாட்டி, ஃபோல்டரைத் தேடி, கேள்வித்தாளின் மீது இரண்டு தடவை தட்டினார்.

திறந்தது.

அவர் அழவில்லை, துள்ளவும் இல்லை. மேலிருந்து கீழ்வரை தாளைப் படித்தார். நான் வேறு எங்கேயோ பார்த்தேன்.

"நான் அடிச்சதுதான்" என்றார். "இப்ப நான் யாரு பேர்ல உள்ள வந்தேன்?"

"யாருமே இல்லாதவா பேர்ல" என்றார் மேடம்.

"அப்ப லேப்ல உட்காந்த எந்தப் பொண்ணு வேணும்னாலும்..."

"யாரு வேணும்னாலும்" என்றேன் நான். 

அந்த ஒரு வரியை எடுப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனை சாயங்காலம் வரை நடந்தது. பதினாறு வரிசையும் நான் தட்ட, மறுப்பை நான் எழுத, பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். டைப்பிஸ்ட் கண். ஒன்பதாவது வரிசையில் ஒரு ஆங்கில எழுத்தை விட்டிருந்தேன். "சார், ‘டி’ போடல" என்றார். போட்டேன்.

மேடம் கிளம்பும்போது கேட்டார்: "முதல் லெட்டர் யார் எழுதினது?"

"நான்."

"ரெண்டாவதையும் நீங்களே எழுதுங்கோ. நீங்களே கொண்டு போய்ப் படிச்சுக் காட்டுங்கோ. தபால்ல வேண்டாம்."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ‘சில குறிப்பிட்ட அமைப்புகளில், எதிர்பாராத வகையில், அனுமதி விவரங்கள் முழுமையாகப் பிரதிபலிக்காத சாத்தியம் கண்டறியப்பட்டுள்ளது.’ இப்படியே போகும். அதைப் படிக்கும்போது தப்பு செய்தது வானிலை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மறுநாள் இடைவேளையில் பள்ளியின் ஆசிரியர் அறையில் நின்று அதைப் படித்தேன். சிஸ்டர், பதினைந்து இருபது ஆசிரியைகள், மூலையில் பிலோமினா. படித்து முடித்ததும் விளையாட்டு டீச்சர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி சார். பிலோமினா மேடம் குடுத்தாங்களா, குடுக்கலியா?"

ஒன்றரைப் பக்கத்தில் அது மட்டும் இல்லை. "குடுக்கலைங்க" என்றேன். "எங்க டிரைவர் திறந்து விட்டிருக்கு. அப்படித் திறந்துவிடச் சொல்லி எழுதினது நான்."

சிஸ்டர் மூலைப் பக்கம் திரும்பி, "பிலோமினா, திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடு" என்றார். "மனசுல வச்சுக்காதே."

"வர்றேன் சிஸ்டர்" என்றார் பிலோமினா. "ஆனா இவர் மொதல்ல குடுத்த லெட்டர் இந்த ரூமோட நிக்கலியே. இவர கொஞ்சம் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டு போனார். லேப் டீச்சரிடம் ஒரு தடவை. கேட் வாட்ச்மேனிடம் ஒரு தடவை. எதிரே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஒரு தடவை. அவர்தான் என் முதல் கடிதத்தை நகல் எடுத்தவராம், ஊருக்கே அங்கிருந்துதான் போயிருக்கிறது. போகப் போகக் கடிதம் சுருங்கியது. லேப் டீச்சருக்கு முக்கால் பக்கம். வாட்ச்மேனுக்கு நாலு வரி, அதிலேயே அவர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர், "இதுக்கும் காப்பி போடணுமா மேடம்?" என்று கேட்டார். "பத்து போடுங்க" என்றார் பிலோமினா.

கடைசியாக மாதாகோயில் தெருமுனை. தேசம்மா என்று ஒரு மீன்காரம்மா, ஈரச்சாக்கு மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"பன்னெண்டு வருஷமா இவங்ககிட்டதான் வாங்குறேன்" என்று நடந்துகொண்டே சொன்னார் பிலோமினா. "இவங்க பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. பரீட்சைய ரத்து பண்ணிட்டாங்க, அது மறுபடி எழுதணும். போன வாரம் போனேன், மீன் இல்லன்னாங்க. கூடை நெறைய இருந்துச்சு சார்."

போய் நின்றோம். தேசம்மா நிமிரவில்லை.

"இன்னா?"

"அம்மா, நான் கம்ப்யூட்டர் கம்பெனியிலேர்ந்து வர்றேன். அதாவது, ஒரு டிஸ்க்..."

"அதெல்லாம் நமக்குத் தெரியாது நைனா. ஆபீசம்மா பேப்பர வெளிய குடுத்தாங்களா இல்லியா?"

"இல்லைம்மா."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"நான் பார்த்தேன்."

"அப்பால இன்னாத்துக்கு மின்னாடி இவங்கதான்னு எழுதிக் குட்த்த? அப்ப பாத்தியா?"

"பார்க்கல."

"பாக்காமயேவா எழுதிக் குட்த்த?"

"பாக்காமயேதாம்மா எழுதிக் குடுத்தேன்."

அப்போதுதான் தேசம்மா நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ஒன்றரைப் பக்கக் கடிதம்.

"இன்னா படிச்சிக்கீற?"

"பி.காம். ரெண்டு பேப்பர் பாக்கி."

தேசம்மா ஈயை விரட்டிவிட்டு ஈரச்சாக்கை விலக்கினார். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஆபீசம்மா, சங்கரா கீது. காலைல வந்தது. ஆஞ்சு தரட்டா?"

"அரைக் கிலோ போதும்" என்று குனிந்து உட்கார்ந்தார் பிலோமினா. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். நேற்று முழுக்க, இன்று முழுக்க அவர் அதைச் செய்து நான் பார்க்கவில்லை.

நான் கடிதத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஏதாவது கேட்பார்கள், சொல்லலாம் என்று ஒரு நினைப்பு.

"நைனா" என்றார் தேசம்மா, அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "வெளிச்சத்துல நிக்காத. தள்ளு."

தள்ளி நின்றேன்.